பள்ளி மூடினால் ஊர் காலி!
அலாஸ்கா பனிக் கிராமங்களில் 50 ஆண்டுப் போராட்டம்

2025-ம் ஆண்டு அக்டோபர் 11-ந் தேதி. சனிக்கிழமை இரவு.

அமெரிக்காவின் வடகோடியில் இருக்கிறது அலாஸ்கா மாநிலம். அதன் மேற்குக் கடற்கரையைப் பயங்கரப் புயல் தாக்கியது. பசிபிக் மகா சமுத்திரத்தில் பிறந்த "ஹாலோங்" என்ற சூறாவளியின் மிச்சம் அது.

கடல் பொங்கியது. கிப்னக், குவிகிலிங்காக் என்ற இரண்டு கிராமங்களுக்குள் வெள்ளம் புகுந்தது. வீடுகள் அஸ்திவாரத்தை விட்டுக் கிளம்பின. படகு போல மிதந்தன. உள்ளே ஆட்கள் இருக்கும்போதே மிதந்து போன வீடுகளும் உண்டு!

குவிகிலிங்காக்கில் ஒரு பெண் உயிர் இழந்தார். மேலும் இரண்டு பேரைக் காணவில்லை.

தப்பியவர்கள் எங்கே போனார்கள்?

பள்ளிக்கூடத்துக்கு!

கிப்னக் கிராமத்தின் ஜனத்தொகையே சுமார் 700தான். அவர்களில் 600 பேர் வரையில் பள்ளிக்கூடத்தில் தஞ்சம் புகுந்தார்கள். கிழவர்களும் கைக்குழந்தைகளும் வகுப்பறையில் படுத்தார்கள். கழிப்பிடம் கெட்டுப் போனது. ஆனாலும் கூரை நின்றது. சுவர் நின்றது. உயிர் தப்பியது.

பிறகு ஹெலிகாப்டர்கள் வந்தன. ராணுவத்தின் பெரிய சரக்கு விமானங்களும் வந்தன. கிராமத்து ஜனங்களை ஏற்றிக்கொண்டு போய், சுமார் 500 மைலுக்கு அப்பால் உள்ள ஆங்கரேஜ் நகரத்தில் இறக்கின. புயலால் வீடு இழந்தவர்கள், ஊரை விட்டவர்கள் 1,500 பேருக்கு மேல் என்று அதிகாரிகள் தெரிவித்தார்கள்.

பிள்ளைகள் நகரத்துப் பள்ளிக்கூடங்களில் சேர்ந்தார்கள். ஆங்கரேஜில் யூப்பிக் மொழியில் பாடம் சொல்லிக் கொடுக்கும் வகுப்புகள் உள்ள ஆரம்பப் பள்ளி ஒன்று இருக்கிறது. யூப்பிக் என்பது அந்தக் கிராமங்களின் தாய்மொழி. சிறு பிள்ளைகள் சிலருக்கு அங்கே இடம் கிடைத்தது.

இதிலே ஒரு விசித்திரம் உண்டு.

படிப்பதற்காக 500 மைல், 1,000 மைல் போவது அந்த மக்களுக்குப் புதிது அல்ல. ஒரு காலத்தில் அதுதான் சட்டம் போல இருந்தது. அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போய் வெற்றி பெற்றவர்கள் அவர்கள்!

சாலை இல்லாத ஊர்கள்

அலாஸ்கா மிகப் பெரிய மாநிலம். தமிழ்நாட்டைப் போல 13 மடங்கு பெரியது. ஆனால் 2020-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி அங்கே வசிப்பவர்கள் 7 லட்சத்து 33 ஆயிரம் பேர்தான்.

1867-ம் ஆண்டில் ரஷியாவிடம் இருந்து 72 லட்சம் டாலருக்கு அமெரிக்கா வாங்கிய பூமி அது. 1959-ம் ஆண்டில் தனி மாநிலம் ஆனது.

மேற்கு அலாஸ்காவில் ஊருக்கும் ஊருக்கும் சாலை கிடையாது. ரெயில் கிடையாது. கோடை காலத்தில் படகில் போக வேண்டும். குளிர்காலத்தில் ஆறு உறைந்து விடும். அதன் மேல் பனியில் ஓடும் மோட்டார் வண்டியில் போகலாம். மற்ற நேரத்தில் ஐந்தாறு பேர் உட்காரும் குட்டி விமானம்தான்.

ஜனங்கள் மீன் பிடிக்கிறார்கள். கடல் நாய், காட்டு மான் வேட்டையாடுகிறார்கள். கோடையில் பிடித்த மீனைக் காயவைத்துக் குளிர்காலத்துக்குச் சேமிக்கிறார்கள். 100 பேர், 300 பேர், 700 பேர் என்று சின்னஞ்சிறு ஊர்கள்.

இப்படிப்பட்ட ஊர்களில் ஆரம்பப் பள்ளி இருந்தது. உயர்நிலைப்பள்ளி இல்லை.

14 வயதில் பிரிவு

எட்டாவது வகுப்பு முடிந்ததும் பிள்ளை வீட்டை விட்டுப் போக வேண்டும். அல்லது படிப்பை நிறுத்த வேண்டும். வேறு வழி இல்லை.

சிட்கா என்ற ஊரில், 1947-ம் ஆண்டில், மவுண்டு எட்ஜ்கம் என்ற விடுதிப் பள்ளியை மத்திய அரசாங்கம் திறந்தது. அங்கே இடம் போதவில்லை. அதனால் பலரை ஆரிகன் மாநிலத்தில் உள்ள செமாவா பள்ளிக்கு அனுப்பினார்கள். இன்னும் சிலரை ஓக்லஹாமா மாநிலத்துச் சிலோக்கோ பள்ளிக்கு அனுப்பினார்கள். அது 3,000 மைலுக்கு அப்பால் இருக்கிறது!

பனியிலே பிறந்த பிள்ளை. மரமே இல்லாத சமவெளியில் வளர்ந்த பிள்ளை. திடீரென்று வெயில் கொளுத்தும் ஊரில், முகம் தெரியாத கூட்டத்தில் கொண்டுபோய் விட்டார்கள்.

செப்டம்பரில் போனால் அடுத்த கோடையில்தான் தாய் முகத்தைப் பார்க்கலாம். பழைய நாளில், தாய்மொழியில் பேசினால் தண்டனை கொடுத்த பள்ளிகளும் உண்டு.

1960-களில் இன்னொரு திட்டம் வந்தது. நகரத்தில் முன்பின் தெரியாத குடும்பங்களில் பிள்ளைகளைத் தங்க வைத்துப் படிக்க வைப்பது. அந்தக் குடும்பங்களுக்கு அரசாங்கம் பணம் கொடுத்தது.

அதுவும் சரிப்படவில்லை. ஜூடித் கிளைன்பெல்டு என்ற பெண் ஆராய்ச்சியாளர் இதைப் பற்றி ஆராய்ந்து, 1973-ம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டார். வீட்டை விட்டுப் போன பிள்ளைகள் பலருக்கு மனம் உடைகிறது, படிப்பும் பாதியில் நிற்கிறது என்று அதில் எடுத்துக்காட்டினார்.

பிள்ளையைப் பிரிந்த வீடு என்ன ஆகும்? வேட்டைக்குத் துணை இல்லை. வலை இழுக்க ஆள் இல்லை. தகப்பன் தொழிலை மகன் கற்கவில்லை. தாய் பேசும் மொழியை மகள் மறந்தாள். பல வீடுகளில் பிள்ளை போனதும் பெற்றோரும் மூட்டை கட்டி நகரத்துக்குப் போனார்கள்.

கோர்ட்டுக்குப் போன மாணவி

1972-ம் ஆண்டு. எம்மோனக் என்ற கிராமத்து மாணவி மாலி ஹூச். அவளும், அவளைப் போன்ற பல மாணவ-மாணவிகளும் மாநில அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். ஏழைகளுக்கு இலவசமாக வாதாடும் சட்ட உதவி வக்கீல்கள் அவர்களுக்காக ஆஜர் ஆனார்கள்.

"வெள்ளைக்காரர்கள் வசிக்கும் சிறிய ஊர்களில் உயர்நிலைப்பள்ளி இருக்கிறது. எங்கள் ஊரில் மட்டும் ஏன் இல்லை?" இதுதான் வழக்கின் சாரம்.

நியாயமான கேள்வி. சொந்த ஊரில் மேல்படிப்பு கிடைக்காத பிள்ளைகளில் ஏறக்குறைய எல்லோருமே ஆதிகுடிப் பிள்ளைகள்தான்.

1975-ம் ஆண்டில் மாநில சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. "ஊருக்கு ஊர் உயர்நிலைப்பள்ளி வேண்டும் என்று அரசியல் சட்டத்தில் இல்லை" என்று கூறியது. ஆனால் கதவை அடியோடு சாத்தவில்லை. இனப் பாரபட்சம் காட்டப்பட்டதா என்று கீழ்க்கோர்ட்டு விசாரிக்கலாம் என்றது.

அதற்குள் மாலி ஹூச்சின் இடத்தில் நூனாபிச்சுக் கிராமத்து அன்னா டோபெலுக்கின் பெயர் வழக்கில் முதலாவதாக வந்தது. விசாரணை வந்தால் அரசாங்கத்தின் மானம் போகும் நிலை. 1976-ம் ஆண்டில் கவர்னர் ஜே ஹாம்மண்டு காலத்தில் சமரசம் ஏற்பட்டது.

126 கிராமங்களுக்கு உயர்நிலைப்பள்ளி! ஊரார் வேண்டாம் என்று சொன்னால் ஒழிய, அரசாங்கம் கட்டித் தர வேண்டும்.

பணத்துக்கு எங்கே போவது? அதற்கும் வழி பிறந்தது. 1968-ம் ஆண்டில் அலாஸ்காவின் வடகோடியில், புரூடோ வளைகுடாவில், பெரிய எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. 1977-ம் ஆண்டில் குழாய் வழியாக எண்ணெய் ஓடத் தொடங்கியது. கஜானா நிரம்பியது. கிராமங்களில் பள்ளிகள் எழும்பின.

வழக்கின் சட்டப் பெயர் வேறாக மாறினாலும், ஜனங்கள் அந்தப் பள்ளிகளுக்கு வைத்த பெயர் "மாலி ஹூச் பள்ளிகள்" என்பதுதான்!

பள்ளிதான் மண்டபம்

இந்தப் பள்ளிகள் பெரும்பாலும் ஒரே கட்டிடத்தில் இயங்குபவை. பாலர் வகுப்பு முதல் 12-வது வகுப்பு வரை ஒரே கூரையின் கீழ். உயர்நிலை வகுப்புகளில் 20 பேர் இருந்தால் அது பெரிய கூட்டம்! இரண்டு ஆசிரியர்கள் எல்லாப் பாடங்களையும் நடத்துகிறார்கள்.

ஆனால் பள்ளியின் வேலை பாடத்தோடு முடிவது இல்லை.

குழாய்த் தண்ணீர் வராத வீடுகள் உள்ள கிராமங்கள் உண்டு. அங்கே பள்ளியில் தண்ணீர் இருக்கும். ஊரில் மின்சாரம் நின்றாலும் பள்ளியில் விளக்கு எரியும். கல்யாண விருந்தா? பள்ளிக்கூடம். இறந்தவருக்கு ஊர் கூடி அஞ்சலியா? பள்ளிக்கூடம். ஓட்டுப் போடுவதா, ஊர்க் கூட்டமா? அதற்கும் பள்ளிக்கூடத்தின் விளையாட்டு மண்டபம்தான்.

குளிர்காலத்தில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும். அப்போது ஊருக்கு உயிர் கொடுப்பது கூடைப்பந்து ஆட்டம். எதிர்க்கட்சி வீரர்கள் குட்டி விமானத்தில் வந்து இறங்குவார்கள். இரவு வகுப்பறைத் தரையில் படுத்துத் தூங்குவார்கள். பனிப்புயல் வந்தால் இரண்டு நாள், மூன்று நாள் அங்கேயே தங்க வேண்டியதுதான். பாட்டி முதல் பேரன் வரை ஆட்டம் பார்க்க வந்துவிடுவார்கள்.

பழைய விளையாட்டுகளும் பள்ளியில் வாழ்கின்றன. அவற்றில் ஒன்று, உயரத்தில் தொங்கும் பந்தை ஒற்றைக் காலால் எம்பி உதைப்பது. உதைத்த அதே காலில் இறங்கி நிற்க வேண்டும். முன்னாளில் தொலைதூரத்தில் வேட்டை கிடைத்தால், அதை ஊருக்குச் சொல்ல ஓடி வரும் தூதன் இப்படி எம்பி உதைத்துச் சாடை காட்டுவானாம். 1970-களின் தொடக்கம் முதல் இந்த விளையாட்டுகளுக்கு ஆங்கரேஜில் ஆண்டுதோறும் மாணவர் போட்டி நடந்து வருகிறது.

இப்படிப்பட்ட பள்ளிகளுக்குத்தான் இப்போது ஆபத்து. ஆபத்து மூன்று பக்கம் இருந்து வருகிறது.

பத்துப் பிள்ளை கணக்கு

முதல் ஆபத்து, எண்ணிக்கை.

1998-ம் ஆண்டில் மாநிலச் சட்டசபை ஒரு சட்டம் போட்டது. பத்துப் பிள்ளைகளுக்குக் குறைவாக இருக்கும் பள்ளிக்குத் தனியாக மானியம் கிடையாது. அந்தப் பிள்ளைகளை வேறு பள்ளிக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். அதனால் பணம் பெரிதும் குறையும். பள்ளியை நடத்த முடியாது.

பிள்ளைகளை எண்ணுவது அக்டோபர் மாதத்தில். நாலாவது வெள்ளிக்கிழமையோடு முடியும் 20 பள்ளி நாட்கள்தான் கணக்கு.

நாலு பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பம் செப்டம்பரில் ஊரை விட்டுப் போனால் என்ன ஆகும்? 13 என்பது 9 ஆகிவிடும். பள்ளிக்கு வினை வந்துவிடும்! ஆகையால் கோடை வந்தாலே சின்ன ஊர்களில் கவலை. யார் வீட்டில் யார் போகிறார்கள், யார் வருகிறார்கள் என்று விரல் விட்டு எண்ணுவார்கள்.

இந்தச் சட்டத்துக்குப் பிறகு பல சிறு பள்ளிகள் மூடப்பட்டன. பள்ளி மூடிய ஊரில் குழந்தை உள்ளவர்கள் தங்குவார்களா? அவர்கள் போனால் கடை வியாபாரம் குறையும். விமானம் வருவது குறையும். கடைசியில் கிழவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள்.

ஒழுகும் கூரை

இரண்டாவது ஆபத்து, கட்டிடம்.

1970-களிலும் 80-களிலும் கட்டிய பள்ளிகளுக்கு வயதாகிவிட்டது. கடற்கரையில் உப்புக் காற்று. குளிர்காலத்தில் கடும் பனி. நிலத்துக்கு அடியில் என்றும் உறைந்து கிடந்த மண், பூமி சூடாவதால் இளகுகிறது. தூண்கள் சாய்கின்றன.

நகரத்தில் வீட்டு வரி உண்டு. அந்தப் பணத்தில் பள்ளியைப் பழுது பார்க்கலாம். இந்தக் கிராமங்களில் அப்படி வரி போடுவதற்கு வழியே இல்லை. எல்லாவற்றுக்கும் மாநில அரசாங்கத்தின் கையைத்தான் பார்க்க வேண்டும்.

ஆண்டுதோறும் பள்ளி அதிகாரிகள் விண்ணப்பம் போடுகிறார்கள். அரசாங்கம் வரிசைப்படுத்துகிறது. வரிசையில் மேலே இருக்கும் சிலவற்றுக்குப் பணம் கிடைக்கும். மற்றவை அடுத்த ஆண்டு மறுபடி வரிசையில் நிற்க வேண்டும்.

ஸ்லீட்மியூட் என்ற ஊர். குஸ்கோக்விம் ஆற்றங்கரையில் 100 பேர்கூட இல்லாத ஊர். பள்ளிக் கூரை ஒழுகுகிறது, பணம் தாருங்கள் என்று 2007-ம் ஆண்டில் முதல் விண்ணப்பம் போட்டார்கள். பணம் வரவில்லை. ஒழுக்கு மட்டும் நிற்கவில்லை. சுவருக்குள் ஈரம் இறங்கியது. மரம் உளுத்தது. கடைசியில் கட்டிடத்தில் ஒரு பகுதி அபாயம் என்று ஒதுக்கப்பட்டது. 2025-ம் ஆண்டில் இந்தச் செய்தி பத்திரிகையில் வந்த பிறகுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது!

சின்ன ஓட்டை அடைக்காமல் விட்டால் பெரிய செலவு வரும் என்பது குடித்தனம் நடத்துகிற எல்லோருக்கும் தெரியும்.

இதற்காகவும் கிராமத்தார் கோர்ட்டுக்குப் போனார்கள். கிராமப் பள்ளிக் கட்டிடங்களுக்குப் பணம் ஒதுக்குவதில் பாரபட்சம் இருக்கிறது என்று 1999-ம் ஆண்டில் ஒரு நீதிபதி தீர்ப்பு அளித்தார். 2011-ம் ஆண்டில்தான் சமரசம் ஏற்பட்டது. ஐந்து கிராமங்களுக்குப் பள்ளி கட்டித் தருவதாக அரசாங்கம் ஒப்புக்கொண்டது. தீர்ப்பில் இருந்து சமரசத்துக்கு 12 ஆண்டுகள்! அதற்குள் ஒரு பிள்ளை முதல் வகுப்பில் சேர்ந்து 12-வது வகுப்பை முடித்துவிடும்.

ஆசிரியர் எங்கே?

மூன்றாவது ஆபத்து, ஆசிரியர் பஞ்சம்.

கிராமத்து ஆசிரியர்களில் பலர் வெளி மாநிலத்தவர்கள். ஆகஸ்டில் வருகிறார்கள். குளிர், இருட்டு, தனிமை. சாமான் விலையோ பல மடங்கு. தங்க நல்ல வீடு கிடைப்பது கஷ்டம். ஓராண்டு, ஈராண்டில் போய்விடுகிறார்கள்.

முன்பு ஆசிரியர்களுக்கு ஆயுள் முழுவதும் நிச்சயமான பென்ஷன் உண்டு. 2006-ம் ஆண்டு முதல், புதிதாகச் சேருகிறவர்களுக்கு அது கிடையாது என்று ஆனது. நீடித்து நிற்க ஒரு காரணம் குறைந்தது.

ஆகையால் பள்ளி அதிகாரிகள் கடல் கடந்து ஆள் தேடினார்கள். பிலிப்பைன்ஸ் நாட்டில் இருந்து பல ஆசிரியர்கள் வந்தார்கள். வெப்பத் தீவில் பிறந்தவர்கள் பனிக்காட்டில் கணக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்!

2025-ம் ஆண்டு செப்டம்பரில் இன்னொரு இடி விழுந்தது. வெளிநாட்டு நிபுணர்களை வேலைக்கு அழைக்கும் "எச்-1பி" விசாவுக்குப் புதிதாக மனுப் போட்டால் 1 லட்சம் டாலர் கட்டணம் என்று ஜனாதிபதி டிரம்ப் உத்தரவு போட்டார். பெரிய கம்பெனி கட்டலாம். பனிக் கிராமத்துப் பள்ளி எப்படிக் கட்டும்?

1,000 டாலரா? பள்ளியா?

அலாஸ்கா ஏழை மாநிலமா? இல்லை. அங்கே வருமான வரி கிடையாது. 1980-ம் ஆண்டிலேயே ஒழித்துவிட்டார்கள். மாநில விற்பனை வரியும் கிடையாது. அது மட்டுமா? எண்ணெய்ப் பணத்தில் சேர்த்த நிதியில் இருந்து 1982-ம் ஆண்டு முதல் ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் பங்கு கொடுத்து வருகிறார்கள். 2025-ம் ஆண்டில் ஆளுக்கு 1,000 டாலர். கைக்குழந்தைக்கும் உண்டு!

ஆனால் எண்ணெய் உற்பத்தி 1988-ம் ஆண்டில் உச்சத்தை எட்டியது. பிறகு குறைந்துவிட்டது. வரும்படி குறைந்தது. வரி போட மனம் இல்லை. பங்கைக் குறைத்தால் ஓட்டுப் போகும். ஏழைக் கிராமத்துக் குடும்பத்துக்கும் அந்தப் பங்குப் பணம் பெரிய ஆதரவு. நடுவில் நசுங்குவது பள்ளிக்கூடம்.

மாணவர் ஒருவருக்கு அடிப்படை மானியம் 5,960 டாலராக இருந்தது. அது பல ஆண்டுகளாகப் பெரிதாக ஏறவில்லை. விலைவாசி மட்டும் ஏறியது. 2025-ம் ஆண்டில் சட்டசபை இதை 700 டாலர் உயர்த்தியது. கவர்னர் மைக் டன்லீவி மறுத்துவிட்டார். மே மாதத்தில் இரண்டு சபைகளும் ஒன்றாகக் கூடி, 46-க்கு 14 ஓட்டில் கவர்னரின் மறுப்பைத் தள்ளின. அடுத்த மாதமே கவர்னர் பட்ஜெட்டில் கைவைத்து, உயர்வில் 200 டாலரை வெட்டினார். ஆகஸ்டில் சட்டசபை மீண்டும் கூடி அந்த வெட்டையும் ரத்து செய்தது.

கட்சி வேறுபாட்டை மறந்து சட்டசபை உறுப்பினர்கள் ஒன்று சேர்ந்தார்கள். அது நல்ல அறிகுறி.

மறுபக்கமும் உண்டு

இரண்டு ஆசிரியர் உள்ள பள்ளியில் ரசாயனக்கூடம் இருக்குமா? உயர்ந்த கணக்கு வகுப்பு நடக்குமா? கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியிலும் நியாயம் உண்டு. விடுதிப் பள்ளியில் படித்து ஆதிகுடிகளின் தலைவர்களாக உயர்ந்தவர்களும் உண்டு. மத்திய அரசாங்கம் மூடிய மவுண்டு எட்ஜ்கம் பள்ளியை, 1985-ம் ஆண்டில் மாநில அரசாங்கம் மறுபடியும் திறந்தது. கிராமத்துப் பிள்ளைகள் விரும்பிப் போய்ச் சேர்ந்தார்கள்.

ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். அன்று போனவர்கள் வேறு வழி இல்லாமல் போனார்கள். 1976-ம் ஆண்டுக்குப் பிறகு போனவர்கள் தாங்களே தேர்ந்தெடுத்துப் போனார்கள். சொந்த ஊரில் ஒரு பள்ளி இருந்தால்தான் அந்தத் தேர்வு உண்மையானது. ஊர்ப் பள்ளி இடிந்து விழுந்தால், பழைய கட்டாயம் வேறு வேடத்தில் திரும்பி வரும்.

மாலி ஹூச் வழக்கில் கிடைத்தது கட்டிடம். கட்டிடம் ஒரு முறை கட்டுவது. கூரையைப் பழுது பார்ப்பது, ஆசிரியரை நிறுத்தி வைப்பது, பத்துப் பிள்ளை கணக்கைத் தளர்த்துவது எல்லாம் ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலை. அதைக் கோர்ட்டு செய்து கொடுக்காது. சட்டசபைதான் செய்ய வேண்டும்.

ஒன்பது பிள்ளைகள் உள்ள ஊரும் ஊர்தான். அந்த ஒன்பது பிள்ளைகளும் பிள்ளைகள்தான். அவர்களுக்கு ஒரு கரும்பலகையும், ஒழுகாத கூரையும், அடுத்த ஆண்டும் ஊரில் இருக்கும் ஆசிரியரும் கொடுப்பது, எண்ணெய்ச் செல்வம் கண்ட மாநிலத்துக்கு முடியாத காரியம் அல்ல.